நாலு விரல் பின்னால்

நிவேதா போன வாரம் பாகாயத்தில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண். எங்கள் காலத்தில் எடுத்துக் குவித்த ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவளுடைய வேலை. ஸ்லைடு என்பது அட்டைச் சட்டத்துக்குள் அடைத்த ஒரு துண்டு கலர் ஃபிலிம். ப்ரொஜெக்டரில் போட்டால் சுவர் நிறையத் தெரியும்.

"சார், ஒரு செட்டு மட்டும் ரொம்ப பேஜார் பண்ணுது" என்று கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஏழு ஸ்லைடுகள். முதல் ஆறும் ஒரே மனிதரின் பாதத்தில் இருந்த புண். அஞ்சாவதில் புண் சின்னதாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்து எடுத்த ஆறாவதில் பெரிதாகிவிடுகிறது. "ரெண்டே நாள்ல இவ்ளோ பெருசாவுமா சார்?" அஞ்சாவதின் அட்டையில் பென்சிலால் 'நாலு விரல் பின்னால்' என்று எழுதியிருக்கிறது. இதில் விரலே தெரியவில்லையே என்பது அவள் சந்தேகம். ஏழாவதோ சம்பந்தமே இல்லாமல் ஒரு கோயில் மண்டபத்தில் நிற்கும் குடும்பம். "முகமெல்லாம் தெரியுது. ரூல்படி ஃபைல்லேர்ந்து எடுத்துடணும். எடுத்துடட்டுமா?"

பென்சில் எழுத்தைப் பார்த்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. டீ கொடுத்து, "எழுதித் தர்றேன்மா, அதுவரைக்கும் எதையும் எடுக்காத" என்று அனுப்பி வைத்தேன். எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. எனக்கு எதையும் நறுக்கென்று சொல்ல வராது என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான்.

முதலில் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில்லாமல் இந்தக் கதை புரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்துபோன ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனது அது. ஜப்பானில் செய்தது. ஆனால் அந்தக் கம்பெனி பெயரைச் சொன்னால் வேலூர் ஸ்டுடியோக்காரர்கள் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்பார்கள். பெரிய பெயர் உள்ள கேமராக்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என் கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். அவர்களுடையது மழையில் நனைந்தால் ரிப்பேருக்குப் போகும். என்னுடையது போகாது.

அதில் தானாக நடக்கிற காரியம் ஒன்றுகூட இல்லை. ஃபிலிமைக் கட்டைவிரலால் நெம்புகோலைத் தள்ளி நகர்த்த வேண்டும். தள்ளும்போது இடது பக்கத்துக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் உள்ளே ஃபிலிம் மாட்டவில்லை, முப்பத்தாறு படமும் கோவிந்தா. முதல் மாசத்தில் ஒரு முறை அப்படி ஆனது. அதற்குப் பிறகு இந்த வயது வரைக்கும் இடது கை தானாக அந்தக் குமிழைத் தேடும். பாட்டரி ஒன்று உண்டு, அது வெளிச்சத்தைக் காட்டுகிற முள்ளுக்கு மட்டும். பாட்டரி செத்துப்போனாலும் ஷட்டர் வேலை செய்யும்.

கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம், குறுக்கே வெட்டினாற்போல இரண்டு பாதி. எதைப் பார்க்கிறோமோ அது வெட்டுப்பட்டு விலகித் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பாதியும் நெருங்கி வந்து ஒன்றாகச் சேரும். சேர்ந்த இடம்தான் ஃபோகஸ். சுவர், ஜன்னல் என்றால் சுலபம், நேர்கோடு இருக்கிறது. மனித உடம்பில் நேர்கோடு ஏது? பாதத்தில் ஒரு வெடிப்பையோ கையில் ஒரு முடியையோ தேடிப் பிடித்து அதைச் சேர்க்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஃபிலிம் கழுவினேன், ஸ்லைடுக்கு அட்டை மாட்டினேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஊருக்குப் போய்விட்டதால் கேமரா என் கைக்கு வந்தது. என் பயிற்சி அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரேச்சல் டாக்டரம்மாவிடம் கற்றுக்கொண்டது.

எங்களுடையது தொழுநோய்க்காக ஏற்பட்ட ஆஸ்பத்திரி. மாத்திரையில் கிருமி போய்விடும். ஆனால் செத்த நரம்பு திரும்பி வராது. காலில் ஆணி குத்தினாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. அப்படிப்பட்ட காலில் புண் வந்தால் அதை ஆற்றுவது பெரிய பாடு. புண்ணுக்கு மேல் மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிரித்து, ஒரு படம் எடுத்து, மறுபடி கட்டுப் போடுவோம். புண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பார் டாக்டரம்மா.

அவர் குட்டையானவர், குரலும் மெலிசு. நோயாளி யாராக இருந்தாலும் 'வாங்க, உட்காருங்க'தான். எங்களைத்தான் 'நீ, வா' என்பார். படம் எடுக்க அவர் வைத்த முறை இது. முதலில் என் பெயரைச் சொல்லி, எதற்காக எடுக்கிறேன் என்று சொல்லி, எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிட்டு வர வேண்டும். நோயாளி நாற்காலியில், கால் முக்காலியில், பச்சைத் துணி விரித்து. நான் தரையில் முட்டி போட வேண்டும். "காலைப் படம் எடுக்கிறவன் காலுக்குக் கீழே இருக்கணும்" என்பார். முகம் படத்தில் வரக்கூடாது. எடுப்பதற்கு முன்னால் அவர்களையும் ஒருமுறை கேமராவின் கண்ணாடிக்குள் பார்க்க விட வேண்டும்.

பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுப்பது மற்ற ஆஸ்பத்திரிகளில் வழக்கம். டாக்டரம்மா விடமாட்டார். "துணிக்கடையா இது? மனுஷங்க மேல ஸ்கேலை வைக்காத. உன் லென்ஸே ஸ்கேல்தான்" என்றார். அவர் சொன்னது இதுதான். கிட்டத்தில் எடுப்பதற்கென்றே இருந்த அந்த லென்ஸின் வளையத்தில், எந்த இடத்தில் வைத்தால் எத்தனை மடங்கு சின்னதாகப் பதியும் என்று எண்கள் பொறித்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்ற இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தோம். புண்ணுக்கு எப்போதும் வளையம் அந்தப் பொட்டில்தான். வைத்துவிட்டால் அப்புறம் வளையத்தைத் தொடவே கூடாது. உடம்பை முன்னால் சாய்த்து, பின்னால் சாய்த்து, அந்த இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் மூச்சை நிறுத்தி அமுக்க வேண்டும். அப்போது எந்த மாசம் எடுத்தாலும் தூரம் ஒன்று, அளவு ஒன்று. இந்த வருஷப் புண்ணையும் அடுத்த வருஷப் புண்ணையும் சுவரில் போட்டு நூலால் அளந்துகொள்ளலாம்.

மாணிக்கம் வந்தது நான் கேமரா எடுத்து நாலைந்து வருஷம் ஆனபோது. நெமிலிப் பக்கம் விவசாயக் கூலி. ஆம்பூருக்கு வந்து தோல் தொழிற்சாலையில் சேர்ந்து, சுண்ணாம்புத் தொட்டியில் இருபது வருஷம் நின்றவர். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி உள்ளே ஏறியிருக்கிறது. நாள் முழுக்க அதோடேயே நடந்து வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் செருப்பைக் கழற்ற முடியாமல்தான் கவனித்திருக்கிறார். அந்தப் புண் எட்டு வருஷமாக ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது.

முதல் நாள் முறைப்படி எல்லாம் சொல்லி, காலை மடக்கி மறு தொடைமேல் வைக்கச் சொல்லி, "பாக்கறீங்களா?" என்று கேமராவை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தன் அடிப்பாதத்தை யார் பார்க்கிறார்கள்?

"இவ்ளோ பெருசா தம்பி இது?"

"கிட்டத்துல பாக்கறதால அப்படித் தெரியுதுங்க."

"எட்ட நின்னு எடுத்தா கம்மியா தெரியும் இல்ல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று அது வெறும் விளையாட்டுப் பேச்சு.

கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிற மனிதருக்குப் பொழுது போக வேண்டுமே. ஒருநாள் என் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேலுறை ஒரு மூலையில் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மருந்துக் கையோடு பிடித்துப் பிடித்து வந்த வினை. "இது தோலே இல்ல தம்பி, ரெக்ஸின். இத்தப் போயி இவ்ளோ நல்ல சாமான் மேல ஒட்டியிருக்கானே" என்றார். அடுத்த வாரம் யார் மூலமாகவோ ஆம்பூரிலிருந்து ஒரு துண்டு கறுப்பு ஆட்டுத்தோல் வந்துவிட்டது. உணர்ச்சியில்லாத கால்களுக்குத் தனிச் செருப்பு தைக்கிற எங்கள் ஆஸ்பத்திரிப் பட்டறையில் உட்கார்ந்து, காகிதத்தில் அளவெடுத்து, பிளேடால் வெட்டி, செருப்புக்கு ஒட்டுகிற பசையால் ஒட்டினார். நான் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். "முதுகுப் பக்கத்துத் தோலு தம்பி. வயித்துப் பக்கம்னா இழுத்துக்கும், நாலு மாசத்துல சுருக்கம் வந்துடும். இது வராது" என்றார். வரவில்லை. இன்றைக்கும் அந்தத் தோல் அப்படியே இருக்கிறது. வேர்த்த கையில் வழுக்காத கேமரா எனக்கு அன்றிலிருந்துதான் கிடைத்தது.

அவருக்கு ஒரே மகள், செல்வி. சோளிங்கர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணத்தின்போதே அப்பாவின் நோயை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா ஆம்பூரில் வேலையில் இருக்கிறார், லீவு கிடைப்பதில்லை என்று சொல்லியே அவள் காலம் ஓட்டியிருக்கிறாள். கல்யாணத்தன்று மாணிக்கம் கூட்டத்தோடு கூட்டமாகப் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொன்னபோது அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. மகள் நன்றாயிருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

நாலாவது படத்துக்கும் அஞ்சாவது படத்துக்கும் நடுவில் செல்வியிடமிருந்து கடிதம் வந்தது. மகனுக்குச் சோளிங்கரில் மொட்டை போடுகிறார்கள். மொட்டை முடித்துப் பெரிய மலை ஏறி சாமி பார்க்கிறார்கள். 'அப்பா நீயும் வரணும். மலைமேல எங்ககூட நிக்கணும். நான் இத்தனை வருசம் கூப்பிடாம இருந்ததுக்குக் கோச்சுக்காத' என்று எழுதியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. மாணிக்கம் அந்தக் கடிதத்தை எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் அதை மட்டும் கடகடவென்று படித்தார்.

கட்டோடு போனால் சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். அதனால் புண் ஆறி, கட்டு இல்லாமல், எங்கள் பட்டறைச் செருப்பைப் போட்டுக்கொண்டு மற்றவர்களைப் போல நடந்து போக வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மொட்டைக்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை கட்டைப் பிரித்தபோது நான் பார்த்தேன். புண் கொஞ்சம் சுருங்கியிருந்தது, ஆனால் ஆறவில்லை. டாக்டரம்மா அன்று கிராமத்து முகாமுக்குப் போயிருந்தார். முக்காலியில் காலை வைத்தேன், துணி விரித்தேன், முட்டி போட்டேன். மாணிக்கம் குனிந்து என் தோளைத் தொட்டார்.

"தம்பி. கொஞ்சம் சின்னதா எடேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு நாளு. போய்ட்டு வந்துடறேன். வந்து நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன். ஆறு மாசம்னாலும் படுத்துக் கெடக்கறேன்."

என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வெள்ளைப் பொட்டிலிருந்து வளையத்தைத் திருப்பினேன். உடம்பை நாலு விரல் அளவுக்குப் பின்னால் இழுத்தேன். ஒரு வெடிப்பின் இரண்டு பாதியும் அழகாகச் சேர்ந்தன. அமுக்கினேன். அந்த ஷட்டர் சத்தம் எப்போதும் கேட்கிற சத்தம்தான். கையிலிருந்த ஆட்டுத்தோல் ஈரமாகிவிட்டது.

மறுநாள் ஃபிலிமைக் கழுவினேன். வேலூர் வெயிலில் அந்த மருந்தைச் சூடாக்க வேண்டியதே இல்லை, ஐஸ் போட்டுக் குளிர வைத்தால் போதும். அட்டை மாட்டும்போது பார்த்தேன், படம் துல்லியம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்லைடு பார்க்கிற கூட்டம். ப்ரொஜெக்டர் ஓட்டுவதும் நான்தான். மாணிக்கத்தின் நாலாவது படமும் அஞ்சாவது படமும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் நின்றன. டாக்டரம்மா எழுந்து போய்ப் பார்த்தார்.

"பரவாயில்லையே, நல்லா சுருங்கியிருக்கு. செருப்புக் கொடுத்து அனுப்பலாம்."

"நாளைக்கு ரவுண்ட்ஸ்ல நீங்க ஒருதரம் காலப் பாத்துட்டு..." என்றார் வார்டு நர்ஸ்.

"நாளைக்குக் காலையிலேர்ந்து நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருப்பேன். அவர் முதல் பஸ்ஸுக்குப் போகணும்னாரே. ஜெயசீலன் எடுத்த படம் இருக்கு, போதும்."

ஜெயசீலன் என்பது என் பெயர். அந்தப் பெயரை அன்று அவர் வாயிலிருந்து கேட்டபோது வெட்கப்பட்டதைப் போல அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் வெட்கப்பட்டதில்லை. அடுத்த ஸ்லைடைப் போட்டேன். அதற்கடுத்ததையும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு டாக்டரம்மா ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். பிரஷ் போட்டு, விரல் விரலாக, முழங்கை வரை தேய்ப்பார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். நான் வாசலில் நின்று பேசினேன்.

"மேடம், மாணிக்கத்தோட படம் தப்பு. நான் பின்னால போய் எடுத்தேன்."

பிரஷ் நிற்கவில்லை. "எவ்ளோ?"

"நாலு விரல்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

கடைசி விரல் வரை தேய்த்து முடித்தார். தண்ணீரில் காட்டினார். அப்புறம், கழுவிய கையை எதிலும் படாமல் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குள் போக வேண்டியவர், பக்கத்திலிருந்த சாதாத் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். இனி மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். உள்ளே பார்த்து, "கால் மணி நேரம் காத்திருங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இரக்கப்பட்டது தப்பில்ல ஜெயசீலன். அதை என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்."

அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாணிக்கம் எதிரே பஸ் நிறுத்தத்தில், வெளுத்த சட்டை வேட்டியோடு, புதுச் செருப்போடு, ஒரு பையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். நான் ஓடி வருகிற வேகத்தைப் பார்த்து அந்தக் கை பாதியில் இறங்கியது.

கட்டுப் போடுகிற அறையில் டாக்டரம்மாவே தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் வைத்துத் துணியைப் பிரித்தார். வார்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்ததற்கே புண்ணின் ஓரம் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார்.

"நீங்களே பாருங்க. இந்தக் காலோட அத்தனை படி ஏறினா எலும்பு வரைக்கும் போய்டும். அப்புறம் கால எடுக்கணும்."

மாணிக்கம் பார்த்தார். "போகக் கூடாதுன்றீங்க."

"போகக் கூடாதுன்னு நான் சொல்லலியே. நடக்கக் கூடாது. ஞாயித்துக்கெழமதானே? புதுசா கட்டுப் போட்டு அனுப்பறேன். மலைக்கு டோலி இருக்கு. ஜெயசீலன் கூட வருவான். உங்க கால் ஒரு படியிலயும் படாமப் பாத்துக்கறது அவன் வேலை."

"கட்டோடயா?" என்றார் மாணிக்கம். அவ்வளவுதான் கேட்டார். டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியாது. எனக்குத் தெரியும்.

"மொதல்ல படம் எடு" என்றார் டாக்டரம்மா. வளையத்தை வெள்ளைப் பொட்டில் வைத்தேன். இரண்டு பாதியும் சேர்வதும் விலகுவதுமாக இருந்தது. மூச்சை நிறுத்தி ஒருவழியாக எடுத்தேன். அதுதான் ஆறாவது படம். அது கழுவி வந்த பிறகு, அஞ்சாவதைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "எடுத்தது எடுத்ததுதான்" என்று சொல்லி, பென்சிலை வாங்கி அதன் அட்டையில் அந்த வார்த்தைகளை எழுதிப் பெட்டியில் வைத்தார். என் பெயரை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் சோளிங்கர் போனோம். வழி நெடுக மாணிக்கம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். அடிவாரத்தில் கூட்டம். எனக்கும் யாரோ நெற்றியில் நாமம் போட்டுவிட்டார்கள். சர்ச்சுக்குப் போகிறவன் என்று சொல்ல எனக்கு நேரமில்லை. டோலிக்காரர்கள் நாலு பேர். அவரைத் தூக்கி உட்கார வைத்து, கால் தொங்காமல் ஒரு தலையணையைக் கொடுத்து, நான் கூடவே ஏறினேன். ஒரு கையில் டோலிக் கம்பு, மறு கையில் கேமரா. சோளிங்கர் குரங்குகளுக்குக் கேமரா வார் என்றால் உயிர்.

பாதி மலையில் டோலியை இறக்கி மூச்சு வாங்கினார்கள். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இன்னாத்துக்குத் தம்பி சொன்ன?"

"கால் போய்டும்னு பயந்துட்டேன்."

"காலு என்னுது."

"படம் என்னுதுங்க" என்றேன்.

அவர் துண்டைச் சரி செய்துகொண்டார். "மேல போனா கேப்பாங்க. பேக்டரியில தோல் கட்டு கால் மேல விழுந்துடுச்சின்னு சொல்லப் போறேன். நீயும் அதயே சொல்லு." நான் தலையாட்டினேன். நாலு நாளைக்குள் இரண்டாவது பொய்க்கும் நான் தயார்தான், உண்மையைச் சொல்வதானால்.

மேலே மண்டபத்தில் அவர்கள் காத்திருந்தார்கள். செல்வி, அவள் புருஷன், மாமனார், மாமியார். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் மின்னியது. டோலியைப் பார்த்ததும் செல்வி நாலு எட்டு ஓடி வந்து நின்றாள். துண்டு நழுவிக் கட்டு தெரிந்தது. மாமியார் கிட்டே வந்து, "இன்னாங்க சம்பந்தி, கால்ல இன்னா ஆச்சி?" என்றார்.

"தோல் கட்டு..." என்று மாணிக்கம் ஆரம்பித்தார்.

"இல்ல அத்தை" என்றாள் செல்வி. அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "அப்பாவுக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. தொழுநோய் இருந்துச்சி. கிருமியெல்லாம் போய்டுச்சி, புண்ணுதான் ஆறல. எட்டு வருசமா வைத்தியம். நான்தான் உங்ககிட்ட சொல்லாம மறைச்சேன். அவரு இல்ல, நான்."

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தூண் ஓரம் நின்றார். செல்வியின் புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாணிக்கம் டோலியில் இன்னும் சின்னதாகிக்கொண்டே போனார். இதற்குப் பயந்துதானே அந்த மனிதர் ஒரு காலையே கொடுக்கத் துணிந்தார்? நான்தான் அவரை இங்கே கட்டோடு கொண்டு வந்து நிறுத்தியவன். என் இரக்கமும் அவருக்கு உதவவில்லை, என் உண்மையும் உதவவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் அவர் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மருமகளிடம், "அப்ப இன்னாத்துக்குடி அவர வெயில்ல உக்கார வச்சிருக்க? நெழலுக்குத் தூக்கச் சொல்லு" என்றார். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி மாணிக்கத்தின் மடியில் வைத்தார். மாணிக்கம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தைதான் அவர் விரலைப் பிடித்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மாமனார் அன்று கடைசி வரை மாணிக்கத்திடம் பேசவில்லை. படத்துக்கு மட்டும் வந்து ஓரமாக நின்றார்.

படம் எடுக்கச் சொன்னது செல்விதான். புண்ணுக்கான லென்ஸைக் கழற்றிவிட்டுச் சாதா லென்ஸை மாட்டினேன். வெளிச்ச முள் அசையவே இல்லை, பாட்டரி போய்விட்டிருந்தது. பரவாயில்லை, உச்சி வெயிலுக்கு என்ன வைக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். அவர்களை நெருக்கமாக நிற்க வைத்து, நடுவில் மாணிக்கத்தை உட்கார வைத்து, முகமும் காலும் ஒரே படத்தில் வரக்கூடாது என்ற பழக்கதோஷத்தில் எல்லாரையும் இடுப்புக்கு மேலே மட்டும் வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். கட்டு வெளியே போய்விட்டது. இரண்டு பாதியும் மாணிக்கத்தின் மூக்கில் வந்து சேர்ந்தன.

"அண்ணா" என்றாள் செல்வி. "அப்பாவ முழுசா எடுங்க. காலும் வர்ற மாதிரி."

நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"பின்னால போ தம்பி. இப்பப் போவலாம்."

நான் பின்னால் போனேன். நாலு எட்டு போனேன். வெள்ளைக் கட்டு முழுதாக உள்ளே வந்தது.

அந்தப் புண் ஆற அதற்குப் பிறகும் மூன்று மாசம் ஆனது. ஆறிப் புறப்படுகிற நாளில் மாணிக்கத்திடம் அந்த ஸ்லைடைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் கொண்டுபோய், "இத்தயும் என் பெட்டியிலயே வையுங்கம்மா" என்று கொடுத்தார். டாக்டரம்மா மறு பேச்சுப் பேசாமல் பென்சிலால் ஏழு என்று எண் போட்டார். முகம் தெரியக்கூடாது என்ற சட்டத்தை எழுதியவரே அவர்தான்.

நிவேதா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அஞ்சாவதை அப்படியே ஏற்றிவிடு. பென்சில் எழுத்தும் தெரிகிற மாதிரி ஏற்று. தப்பு செய்தது யார் என்று கேட்டால் என் பெயரைப் போட்டுக்கொள். ஏழாவதை எடுத்துவிடாதே அம்மா. அதுவும் அதே காலின் படம்தான்.